பிரபு வீட்டுக் கொலையில் ஆதாயம் யாருக்கு?

கேள்வி இது: 1920, 30களின் இங்கிலாந்தில், நாட்டுப்புற மாளிகையில் வாழும் பிரபுக் குடும்பத்தைச் சுற்றி எழுதப்பட்ட துப்பறியும் நாவல்களில் பட்டம், உயில், வாரிசு என்று வரும் இடங்கள் பிடிபடுவதில்லை. யார் இறந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று வாசகர் எப்படிக் கணக்கிடுவது?

இறந்தவரிடம் இருந்ததை ஒரே குவியலாக நினைக்காதீர்கள். பட்டம், பரம்பரை நிலம், சொந்தப் பணம் மூன்றும் மூன்று வெவ்வேறு விதிகளின்படி போகும். பல சமயம் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் போகும். மூன்றையும் தனியே பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நிலைமை எந்தத் தேதியில் மாறவிருந்தது என்று பாருங்கள். இவ்வகை நாவல்களில் கொலை அநேகமாக ஒரு தேதியை முந்திக்கொண்டு நடக்கிறது: கல்யாணத்துக்கு முன், புது உயிலில் கையெழுத்து விழுவதற்கு முன், மூத்த மகனுக்கு 21 வயது நிறைவதற்கு முன். அந்தத் தேதியைக் கண்டுபிடித்தால் நோக்கம் கைக்கு வந்துவிடும்.

முதலில் பட்டம். டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படிகள், மேலிருந்து கீழாக. பாரனெட் என்பது பரம்பரைப் பட்டம்தான், ஆனால் அவர் பிரபுக்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல, வெறும் ‘சர்’. பட்டத்தை உயிலில் எழுதி வைக்க முடியாது, விற்க முடியாது, 1963 வரை வேண்டாம் என்று துறக்கவும் முடியாது. பட்டம் உருவாக்கப்பட்டபோது அரசர் கொடுத்த சாசனம் சொல்லும் வழியில்தான் அது இறங்கும். பெரும்பாலான சாசனங்கள் சொல்வது ஆண் வழி: மூத்த மகன், அவனுடைய மகன், அவர்கள் இல்லையென்றால் அடுத்த மகன், பிறகு பட்டம் பெற்ற முதல் மனிதரின் ஆண் வழியில் வந்த தம்பியோ, அண்ணன் மகனோ, தூரத்து ஒன்றுவிட்ட சகோதரனோ. பெரியவருக்கு நான்கு மகள்கள் இருந்தாலும் கனடாவில் பண்ணை வைத்திருக்கும் ஒரு தூரத்துச் சொந்தக்காரன் ஏர்ல் ஆகிவிடுவது இதனால்தான். பழைய பாரன் பட்டங்கள் சில மகள்களுக்கும் போகும். அங்கே இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் சம உரிமை என்பதால் பட்டம் யாருக்கும் போகாமல் தொங்கி நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு, உறுதியான வாரிசுக்கும் தற்போதைய வாரிசுக்கும் இடையில் இருப்பது. மூத்த மகனை யாரும் அசைக்க முடியாது. ஆனால் பிள்ளையில்லாத ஏர்லின் தம்பி மகன் இருக்கிறானே, அவன் நிலைமை வேறு. 60 வயதுப் பெரியப்பா ஒரு இளம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு ஆண் குழந்தை பிறந்துவிட்டால், முப்பது வருடமாக எதிர்பார்த்திருந்தது ஒரே நாளில் போய்விடும். ஏர்ல் இறக்கும்போது மனைவி கர்ப்பமாக இருந்தால்கூட, குழந்தை பிறந்து ஆணா பெண்ணா என்று தெரியும்வரை தம்பி மகன் காத்திருக்க வேண்டும். விதவைக்கு அந்த மாதங்களில் ஆபத்து வருவதாகக் காட்டும் கதை சட்டப்படி சரியான கதை.

கல்யாணத்துக்கு முன் பிறந்த மகனுக்குப் பட்டம் இல்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பிள்ளையும் முறையான பிள்ளையே என்றது. ஆனால் பட்டங்களை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. பிள்ளை பிறந்த சமயத்தில் பெற்றோரில் ஒருவர் வேறொருவரின் கணவராகவோ மனைவியாகவோ இருந்திருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. தத்துப் பிள்ளைக்கும் பட்டம் போகாது. ஆகவே சர்ச் பதிவேட்டில் கிழிக்கப்பட்ட பக்கம், இரகசியக் கல்யாணம், முதல் மனைவி இன்னும் உயிரோடிருக்கிறாள் என்று வரும் கடிதம் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து முளைப்பவை.

‘காணாமல் போன வாரிசு திரும்பி வருகிறான்’ என்ற கதைக்கு உண்மையான மூலம் உண்டு. ரோஜர் டிச்போர்ன் என்ற பாரனெட் குடும்பத்து வாரிசு 1854இல் கப்பல் விபத்தில் காணாமல் போனார். ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் நான்தான் ரோஜர் என்று வந்தார். தாயும் அவரை ஏற்றுக்கொண்டார். சிவில் வழக்கு 1871–72இல் தோற்றது. பொய்ச் சாட்சியத்துக்கான குற்ற வழக்கு 188 நாள் நடந்து 14 ஆண்டுச் சிறையில் முடிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஆசை எந்த ஆவணத்தையும்விட வலுவானது என்பதைப் பிற்கால எழுத்தாளர்கள் இந்த வழக்கிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

பெயர்களே தடயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘லேடி மேரி’ என்று முதல் பெயரோடு வந்தால் அவள் டியூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகிய ஒருவரின் மகள். ‘லேடி’ என்பதோடு குடும்பப் பெயரோ பட்டப் பெயரோ மட்டும் வந்தால் அவள் யாரோ ஒருவரின் மனைவி. ‘லார்ட்’ என்பதோடு முதல் பெயர் வந்தால் டியூக்கின் அல்லது மார்க்விஸின் இளைய மகன். அவனுக்குப் பட்டமும் இல்லை, அநேகமாக நிலமும் இல்லை. ஏர்லின் இளைய மகனுக்கு ‘ஹானரபிள்’ என்ற அடைமொழி மட்டும், அதுவும் உறையின் மேல் எழுதுவதற்குத்தான். இந்த முறை தெரிந்தால், முதல் அத்தியாயத்தின் விருந்தில் ஆளை அறிமுகப்படுத்தும்போதே யார் கையில் காசில்லை என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, நிலமும் மாளிகையும். இது பலருக்கும் குழப்பம் தரும் இடம். ‘ஏர்லின் 12,000 ஏக்கர்’ என்று கதை சொன்னாலும், அந்த நிலம் அவர் இஷ்டப்படி செய்யக்கூடிய சொத்து அல்ல. குடும்பச் செட்டில்மென்ட் பத்திரத்தின்படி அவருக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும். அவருக்குப் பிறகு மூத்த மகனுக்கு. நடைமுறை இப்படி: மகனுக்கு 21 வயது ஆனதும் (மேஜர் ஆகும் வயது 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே 18 ஆனது) அப்பாவும் மகனும் சேர்ந்து பழைய பத்திரத்தை முடித்துப் புதிய பத்திரம் எழுதுவார்கள். அதில் மகனும் ஆயுள்கால உரிமையாளனாக இறங்கிவிடுவான். முழு உரிமை இன்னும் பிறக்காத பேரனுக்குத் தள்ளிப்போகும். அதற்கு ஈடாக மகனுக்கு உடனடியாக வருடாந்தரப் பணம் ஒதுக்குவார்கள். இளைய பிள்ளைகளுக்கு ஒரு தொகை, விதவைக்கு வருடந்தோறும் ஜீவனாம்சம், எல்லாம் அந்த நிலத்தின் மேல் கடனாக ஏற்றப்படும். ஒவ்வொரு தலைமுறையிலும் இதே கதை. மகன் கையெழுத்துப் போட மறுத்தால்? அப்பா இறக்கும் நாளில் நிலம் அவன் கையில் தளையில்லாமல் வந்து நிற்கும். சூதாட்டக் கடனுக்கு விற்கலாம். 21ஆவது பிறந்தநாள் விருந்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை வந்தால் அது வெறும் குணச் சண்டை அல்ல.

1882இல் வந்த சட்டம் ஆயுள்கால உரிமையாளருக்கு நிலத்தை விற்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் விற்ற பணம் அவர் பைக்குப் போகாது. டிரஸ்டிகளிடம் போய், அதன் வருமானம் மட்டும் அவருக்கு வரும். அந்த டிரஸ்டிகளில் ஒருவர் குடும்பச் சொலிசிட்டராக, அதாவது குடும்ப வழக்கறிஞராக, இருந்தால் அவர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் கட்டாய விதிகள் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்தே வந்தன. அதற்கு முன் நடக்கும் கதையில், வட்டியை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே முதலைக் கரைத்துவிட்ட சொலிசிட்டர் வெளியே தெரியாமல் பல வருடம் தாக்குப்பிடிக்கலாம். வாரிசுக்கு 21 வயதாகிக் கணக்குக் கேட்கும் நாள்தான் அவருக்கு எமன்.

பரம்பரை நகைகளும் இதே செட்டில்மென்ட்டுக்குள் அடங்கியவை. சீமாட்டி கழுத்தில் அணியும் வைர மாலை அவளுடையது அல்ல. விற்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதனால்தான் இரகசியமாக விற்றுவிட்டுக் கண்ணாடிக் கல்லில் நகல் செய்து போட்டுக்கொள்வதும், அதை அறிந்தவன் மிரட்டுவதும் இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நகை திருடு போனதாகக் கூச்சல் எழுந்தால், திருடப்பட்டது அசல்தானா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, சொந்தப் பணம். பங்குகள், வங்கி இருப்பு, மனைவி வழி வந்த அமெரிக்க டாலர்கள், அத்தையின் சேமிப்பு. இதற்குத்தான் உயில். பெரும்பாலான கதைகளின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் உயில் சட்டம் 1837ஆம் ஆண்டினது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியில் கையெழுத்து வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்கும்போது அந்தக் கையெழுத்து விழ வேண்டும். பட்லர் காலையிலும் தோட்டக்காரர் மாலையிலும் தனித்தனியே பார்த்தால் உயில் செல்லாது. சாட்சிகள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறிய வேண்டியதில்லை. ஆகவே பட்லருக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் ‘நேற்று ஒரு உயில் எழுதப்பட்டது’ என்று மட்டும் தெரியும், அது காற்றில் பரவும்; பரவிய செய்தி தப்பான ஆளைத் தூண்டும். இன்னொரு விதி: சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் கணவன்/மனைவிக்கோ அந்த உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தக் கொடை மட்டும் செல்லாது, உயில் நிற்கும். எனவே பெரியவர் சாட்சிக்குக் கூப்பிட்டவர்கள் யார் என்று பார்த்தாலே, அந்த உயிலில் யாருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். முப்பது வருடம் வேலை பார்த்த பட்லரை விட்டுவிட்டுத் தோட்டக்காரரைக் கூப்பிட்டார் என்றால், பட்லருக்கு ஏதோ எழுதியிருக்கிறார்.

கல்யாணம் பழைய உயிலை ரத்து செய்துவிடும். இதுதான் ஆகப் பெரிய விசை. நிச்சயதார்த்த அறிவிப்பு பத்திரிகையில் வந்ததும், பழைய உயிலில் பெரும்பங்கு பெற இருந்த மருமகளுக்கோ செயலாளருக்கோ கெடு ஆரம்பமாகிறது. 1926இலிருந்து, ‘இன்னாரைக் கல்யாணம் செய்யப்போவதை மனத்தில் வைத்து’ என்று வெளிப்படையாக எழுதிய உயில் மட்டும் தப்பும். கல்யாணம் முடிந்து புது உயில் எழுதாமலே செத்தால் உயிலில்லாச் சொத்து விதி வரும். 1926 ஜனவரி 1 முதல் அந்த விதி: வீட்டுப் பொருள்களும் 1,000 பவுண்டும் மனைவிக்கு, பிள்ளைகள் இருந்தால் மீதியில் பாதியின் வருமானம் ஆயுள் முழுதும், பிள்ளை இல்லையென்றால் மீதி முழுவதன் வருமானமும். அதே நாளில்தான், உயில் இல்லாத நிலம் மூத்த மகனுக்கே போகும் பழைய வழக்கமும் ஒழிந்தது. மிகத் தூரத்துச் சொந்தங்கள் வாரிசுப் பட்டியலிலிருந்து விழுந்து, அவர்கள் பங்கு அரசுக்குப் போகத் தொடங்கியது. 1925இன் கடைசி மாதங்களில் நடக்கும் கதையென்றால் இந்தத் தேதியை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொலைகாரர்கள் தப்புக் கணக்குப் போடும் இடம் ஒன்றுண்டு. ‘புது உயிலை எரித்துவிட்டால் பழையது உயிர் பெறும்’ என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெறாது. எழுதியவரோ, அவர் முன்னிலையில் அவர் சொல்லி இன்னொருவரோ அழித்தால்தான் உயில் ரத்தாகும். வேறு யாராவது எரித்தால் உயில் சட்டத்தின் கண்ணில் இன்னும் இருக்கிறது. நகலைக் கொண்டோ சாட்சியைக் கொண்டோ அதை நிரூபிக்கலாம். எழுதியவரே புது உயிலை அழித்தாலும்கூடப் பழையது தானாக எழுந்து வராது. ஆனால் உயில் கடைசியாக எழுதியவர் கையில்தான் இருந்தது, செத்தபின் காணவில்லை என்றால், அவரே அழித்தார் என்று சட்டம் முதலில் ஊகிக்கும். அந்த ஊகத்தை உடைக்க வேண்டிய பொறுப்பு உயிலை நம்பியிருப்பவர் தலையில். இதற்கு உண்மை வழக்கு, முன்னாள் லார்ட் சான்சலர் (நீதித்துறைத் தலைவர்) செயிண்ட் லெனார்ட்ஸ் பிரபுவினுடையது. சொத்துச் சட்டத்தில் நாட்டிலேயே பெரிய நிபுணர். அவர் 1875இல் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தால் உயிலின் பின்சேர்க்கைகள் இருந்தன, உயில் இல்லை. மகள் சார்லட் சக்டன் உயிலின் வாசகங்களை நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்தார். 1876இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதத் தயங்கும் நிகழ்ச்சி அது.

இன்னொன்று: 1938ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் ஒருவர் மனைவி மக்களுக்கு ஒரு பென்னிகூட விடாமல் எல்லாவற்றையும் யாருக்கும் எழுதிவைக்கலாம். ‘உன்னை உயிலிலிருந்து வெட்டிவிடுவேன்’ என்ற மிரட்டல் வெற்றுப் பேச்சு அல்ல. ஸ்காட்லாந்தில் கதை நடந்தால் இது பொருந்தாது. அங்கே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அசையும் சொத்தில் பறிக்க முடியாத பங்கு பழங்காலந்தொட்டே உண்டு. சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர் என்ற அதிகாரியும் அங்கே கிடையாது.

யார் முதலில் இறந்தார் என்ற கேள்வி அடுத்தது. அக்கா தன் பணத்தைத் தம்பிக்கு எழுதியிருக்கிறாள். இருவரும் ஒரே காலையில் இறக்கிறார்கள். தம்பி அரை மணி நேரம் அதிகமாக உயிரோடு இருந்திருந்தால் பணம் அவர் வழியாக அவர் வாரிசுகளுக்கு. இல்லையென்றால் வேறொரு குடும்பத்துக்கு. டாரதி எல். சேயர்ஸ் 1928இல் எழுதிய ‘பெலோனா கிளப்’ நாவல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. விபத்தில் இருவரும் சேர்ந்து மடிந்து, யார் முன்னர் என்று சொல்லவே வழியில்லை என்றால், 1926 முதல் சட்டத்தின் பதில்: மூத்தவர் முதலில் இறந்தார் என்று கொள். லண்டன் குண்டுவீச்சில் ஒரே அறையில் இறந்தவர்களுக்கும் இதே விதி பொருந்தும் என்று, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1945இல் தீர்ப்புச் சொன்னது. 1926க்கு முன் அப்படி ஊகம் ஏதும் இல்லை. பணம் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

கொன்றவர் கொலையுண்டவரின் சொத்தைப் பெற முடியாது. விஷம் வைத்துக் கணவனைக் கொன்றதாக 1889இல் தண்டிக்கப்பட்ட ஃபிளோரன்ஸ் மேப்ரிக்கின் காப்பீட்டுப் பணம் தொடர்பான 1892ஆம் ஆண்டுத் தீர்ப்பும், மனைவியைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட கிரிப்பன் வழக்கின் தொடர்ச்சியாக 1911இல் வந்த தீர்ப்பும் இதை உறுதியாக்கின. இதன் மறுபக்கத்தை வாசகர்கள் தவற விடுகிறார்கள். ஒருவர் மேல் பொய்யாகப் பழி விழுந்து தண்டனையும் கிடைத்தால், அவர் பங்கு மற்ற வாரிசுகளுக்குப் போகும். அப்படியானால் பழி போடுவதே பணம் தரும் செயல். தடயங்கள் எல்லாம் மிகச் சௌகரியமாக ஒரு வாரிசின் அறையிலேயே கிடைத்தால், ‘இவன் தூக்கில் தொங்கினால் அடுத்து யார்?’ என்று கேளுங்கள்.

வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரண வரி 1894இல் அதிகபட்சம் 8 சதவீதத்தில் தொடங்கியது. 1919இல் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட எஸ்டேட்டுக்கு 40, 1930இல் 50 சதவீதம் ஆனது. தப்பிக்க வழி, உயிரோடிருக்கும்போதே மகனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. ஆனால் கொடுத்தவர் அதன்பின் மூன்று வருடம் வாழ வேண்டும் (1910 முதல், 1946இல் ஐந்து வருடம் ஆக்கினார்கள்). அதற்குள் செத்தால் வரி முழுதாக விழும். இங்கே மகனுக்கு அப்பா உயிரோடிருப்பதில்தான் லாபம். கெடுவுக்கு ஒரு மாதம் முன் பெரியவர் கொல்லப்பட்டால், பணம் பெற்ற மகனைச் சந்தேகப் பட்டியலில் கீழே இறக்கிவிடலாம். பெரியவர் இயற்கையாகவே செத்து, மரணத்தைச் சில நாள் மறைத்தால் பலன் பெறுபவனும் அவனேதான்.

விவாகரத்துச் சட்டமும் ஒரு வரி சொல்லத் தகும். 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் நடைமுறையில் பிறன்மனைத் தொடர்பு ஒன்றே காரணம். தீராத மனநோயாளி மனைவி இருந்தால் விடுதலையே இல்லை. பழைய கதைகளில் மேல்மாடியில் பூட்டிய அறை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நோக்கம் தெரிந்தபின் வாய்ப்பைப் பார்க்க, வீட்டின் நேர அட்டவணை உதவும். விடியற்காலையில் வேலைக்காரி கணப்பைச் சுத்தம் செய்யவும் திரைகளை விலக்கவும் கீழறைகளுக்கு வருவாள். நூலக அறையில் கிடக்கும் உடலை அவள்தான் காண்பாள். இரவு உணவுக்கு முன் உடை மாற்றும் மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் அறையில், யாருக்கும் சாட்சி இல்லை. உணவுக்குப் பின் பெண்கள் வரவேற்பறைக்குப் போக, ஆண்கள் போர்ட் ஒயினோடு மேசையில் தங்குவார்கள். ஆண்களுக்கு ஒருவருக்கொருவர் சாட்சி, நடுவே எழுந்து போனவர் மட்டும் விலக்கு. பின்புறப் படிக்கட்டு வேலையாட்களுக்கானது. அங்கே விருந்தாளி தென்பட்டால் அதுவே செய்தி.

கடைசியாக விசாரணை. கரோனரின் ஜூரி அந்தக் காலத்தில் குற்றவாளியின் பெயரையே தீர்ப்பில் சொல்லலாம். இந்த அதிகாரத்தை 1977இல்தான் எடுத்தார்கள், அதுவும் 1975இல் லூகன் பிரபுவைக் கொலையாளி என்று ஒரு கரோனர் ஜூரி அறிவித்த பிறகு. தற்கொலை 1961 வரை குற்றம். சுயநினைவோடு செய்தது என்று தீர்ப்பானால் ஆயுள் காப்பீட்டுப் பணம் போய்விடும் என்று 1938இல் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. ‘துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது’ என்று குடும்பம் ஒரே குரலில் சொல்வதற்கு மானம் மட்டும் காரணம் அல்ல.

குற்றம் சாட்டப்பட்டவர் பிரபுவாகவே இருந்தால் கொலை வழக்கைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்க முடியாது. பிரபுக்கள் சபைதான் விசாரிக்கும். இந்த உரிமையை அவர் விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அவர் மனைவிக்கும் இது உண்டு. சாதாரண ஜூரியில் அந்தக் காலத்தில் பன்னிரண்டு பேரும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பான்மை போதும். மிக இளைய பாரனிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக எழுந்து, ‘என் மானத்தின் மேல் ஆணையாக’ என்று தீர்ப்புச் சொல்வார்கள். இந்த உரிமை யாரையும் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம்: தன் காரியஸ்தரைச் சுட்டுக் கொன்ற ஃபெர்ரர்ஸ் ஏர்லை இதே சபை விசாரித்து, 1760இல் லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிட்டார்கள். சேயர்ஸின் 1926ஆம் ஆண்டு நாவல் ‘கிளவுட்ஸ் ஆஃப் விட்னஸ்’ டென்வர் டியூக்கைக் கரோனர் ஜூரி கொலையாளி என்று சொல்வதிலிருந்து கிளம்பி இந்த விசாரணைக்குப் போகிறது; துப்பறிபவர் அவருடைய தம்பி. இவ்வகையில் ஒரே ஒரு நாவல் படிக்கப்போகிறீர்கள் என்றால் அதைத்தான் எடுத்துத் தருவேன். நிஜத்தில் கடைசி விசாரணை 1935 டிசம்பரில், கார் விபத்து மரணம் தொடர்பாக டி கிளிஃபோர்ட் பிரபு மீது நடந்தது, விடுதலையானார். 1948இல் அந்த உரிமையை ஒழித்தார்கள். அதற்குப் பிந்திய காலத்தில் நடக்கும் கதையில் ஒரு ஏர்ல் பிரபுக்கள் சபை முன் கொலைக் குற்றவாளியாக நின்றால், ஆசிரியர் சட்டத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். அவர் உயிலைப் பற்றிச் சொல்வதையும் நம்ப வேண்டாம்.